டிரான்ஸ்பார்மருக்குள் தாவர எண்ணெய்

கொஞ்சம் பெரிய டிரான்ஸ்பார்மர் எதையாவது நிமிர்ந்து பார்த்திருந்தால், அதன் தலைமேல் படுத்த வாக்கில் ஒரு உருளைத் தொட்டியும், அதிலிருந்து இறங்கும் குழாயின் முனையில் ஒரு கண்ணாடிக் குப்பியும் கண்ணில் பட்டிருக்கும். குப்பிக்குள் சின்னச் சின்ன மணிகள். அது சிலிகா ஜெல். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பு.

டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும் என்பது பலருக்குத் தெரியாது. சுமை ஏறும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகி விரிந்து, தொட்டியில் இருக்கும் காற்றை வெளியே தள்ளும். சுமை இறங்கியதும் எண்ணெய் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு ஈரமும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் குப்பி. மணிகள் வெளுத்துப்போய் மாதக்கணக்கில் மாற்றாமல் கிடப்பதும் நாம் பார்க்கிற காட்சிதான்.

கனிம எண்ணெய்க்குப் பதிலாக சோயா, சூரியகாந்தி போன்ற விதை எண்ணெய்களை டிரான்ஸ்பார்மரில் ஊற்றலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம், "மண்ணில் சிந்தினாலும் மக்கிவிடும்" என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் அது மூன்றாவது காரணம். தீ இரண்டாவது. முதல் காரணம், எண்ணெய்க்குள் ஊறிக்கிடக்கும் காகிதம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்த எண்ணெயின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. அதனால்தான் இதை ஊற்றுவதற்கு முன் அந்த மூச்சுக் குழாயையே அடைக்க வேண்டியிருக்கிறது.

டிரான்ஸ்பார்மரின் உள்ளே பெரும்பாலும் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய கோர், அதைச் சுற்றிச் செம்பு அல்லது அலுமினியக் காயில்கள். கம்பிக்கு மேல் காகிதச் சுற்று, காயில்களுக்கு இடையே பிரஸ்போர்டு என்ற தடித்த அட்டை. எல்லாம் எண்ணெயில் மூழ்கியிருக்கும். எண்ணெய்க்கு இரண்டு வேலை. ஒன்று, மின்சாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவாமல் தடுப்பது. இன்னொன்று, காயிலில் பிறக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு மேலேறி, ரேடியேட்டர் வழியாக இறங்கிக் குளிர்ந்து, மறுபடி அடியில் வந்து சேர்வது. ஒரு 100 கே.வி.ஏ. (தாங்கும் சுமையின் அளவு) டிரான்ஸ்பார்மரில் ஏறக்குறைய 150 லிட்டர் எண்ணெய் இருக்கும். பெரிய துணைமின் நிலையத்து டிரான்ஸ்பார்மர் என்றால் பல்லாயிரம் லிட்டர்.

இந்த இரண்டு வேலைக்கும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பெட்ரோலிய எண்ணெய்தான் ராஜா. விதை எண்ணெய்களையும் அந்தக் காலத்திலேயே முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். காற்றுப் பட்டால் கெட்டுப்போகிறது, குளிரில் உறைகிறது என்பவை அன்றைய புகார்கள். கனிம எண்ணெய் மலிவு, பல ஆண்டுகள் தாங்கும். அதற்கு இருந்த ஒரே பெரிய குறை, அது எரியும் என்பது.

அந்தக் குறையைத் தீர்க்க 1930களில் வந்ததுதான் பி.சி.பி. என்ற குளோரின் கலந்த செயற்கைத் திரவம். லேசில் தீப்பிடிக்காது, கெட்டும் போகாது. கட்டடங்களுக்குள்ளும் ரயில் எஞ்சின்களிலும் அதை ஊற்றினார்கள். "கெட்டுப்போகாது" என்பதுதான் பிறகு வினையாக முடிந்தது. மண்ணிலும் மீனிலும் மனிதக் கொழுப்பிலும் அது பல்லாண்டுக் காலம் அப்படியே தங்கியது. 1968இல் ஜப்பானின் மேற்குப் பகுதியில், தவிட்டெண்ணெய் ஆலை ஒன்றில் சூடாக்கும் குழாய்களில் ஓடிய பி.சி.பி. கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. சாப்பிட்டவர்களுக்குத் தோலெங்கும் கட்டிகள், கண்களில் சீழ், கர்ப்பிணிகளுக்குக் கருமை படிந்த தோலோடு பிறந்த குழந்தைகள். யூஷோ என்று அந்த நோய்க்குப் பெயர், "எண்ணெய் நோய்" என்று பொருள். 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் பி.சி.பி. டிரான்ஸ்பார்மர் தீயில் சிக்கியது. தீ சீக்கிரம் அணைந்துவிட்டது. ஆனால் நச்சுப் புகைக்கரி கட்டடம் முழுக்கப் பரவி, சுத்தம் செய்து திறக்க 1994 ஆயிற்று. 13 ஆண்டுகள்!

பி.சி.பி. உற்பத்தியை அமெரிக்கா 1979இல் தடை செய்தது. ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப்படி, பி.சி.பி. உள்ள கருவிகளை 2025க்குள் பயன்பாட்டிலிருந்து எடுத்து, 2028க்குள் கழிவையும் ஒழிக்க வேண்டும். அப்படியானால் எரியாத எண்ணெய்க்கு எங்கே போவது? முதலில் சிலிகான் எண்ணெய் வந்தது, பிறகு ஆலையில் தயாரிக்கும் செயற்கை எஸ்டர்கள் வந்தன. இரண்டும் நல்லவை, இரண்டும் விலை அதிகம். 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி விதை எண்ணெய்ப் பக்கம் திரும்பினார்கள். கூப்பர் பவர் சிஸ்டம்ஸ் சோயா எண்ணெயிலிருந்து எஃப்ஆர்3 என்ற திரவத்தை உருவாக்கியது. ஏபிபி நிறுவனத்தில் டி.வி. உம்மனும் உடன் பணியாற்றியவர்களும் ஒலிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி ரகத்திலிருந்து பயோடெம்ப் என்பதை உருவாக்கினார்கள். அதற்கான காப்புரிமை 1999இல் கிடைத்தது. எஃப்ஆர்3 பின்னர் உணவுத் தானிய வணிகத்தில் பேர்பெற்ற கார்கில் கைக்கு மாறியது. சமையல் எண்ணெய் விற்கிற கம்பெனி டிரான்ஸ்பார்மர் எண்ணெயும் விற்கிறது என்பது கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இந்தத் தாவரத் திரவங்களுக்குத் தொழில் வட்டாரத்தில் "இயற்கை எஸ்டர்" என்று பெயர். ஏன் எஸ்டர்? எந்த விதை எண்ணெயாக இருந்தாலும் அதன் மூலக்கூறு ஒரே அச்சுதான்: கிளிசரால் என்ற சின்ன முதுகெலும்பு, அதில் தொங்கும் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள். முதுகெலும்பும் சங்கிலியும் சேரும் முடிச்சுக்குத்தான் எஸ்டர் பிணைப்பு என்று பெயர். நுண்ணுயிர்களுக்கு இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியும், அவற்றின் அன்றாடச் சாப்பாடே அதுதான். அதனால் இயற்கை எஸ்டர் ஆய்வகச் சோதனையில் 28 நாட்களில் ஏறக்குறைய முழுவதும் சிதைந்துவிடுகிறது. கனிம எண்ணெய் அதே காலத்தில் கால்பங்கு அளவில்தான் சிதையும்.

சங்கிலிகளில்தான் எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி இதுதான். ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒலிக், இரண்டு என்றால் லினோலிக், மூன்று என்றால் லினோலெனிக். இரட்டைப் பிணைப்பு கூடக்கூட எண்ணெய் குளிரில் உறையாமல் ஓடும், ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கடித்துத் தின்னவும் தோதாகும். எவ்வளவு வித்தியாசம்? நிறைவுற்றதை 1 என்று வைத்தால் ஒலிக் 10, லினோலிக் 100, லினோலெனிக் 200 என்ற அளவில் கெடும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு.

நம் அடுக்களையில் இது தெரிந்த விஷயம்தான். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் கட்டியாகி நிற்கும், ஆனால் சீக்கிரம் கெடாது. திறந்து வைத்த சூரியகாந்தி எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வடை சுட்ட எண்ணெயை அடுப்போரம் விட்டுவைத்தால், கடாய் விளிம்பில் அரக்குப் போல ஒரு பிசின் படியும், நகத்தால் சுரண்டினாலும் போகாது. ஆளி விதை எண்ணெயை வார்னிஷுக்குப் பயன்படுத்துவதே அது காய்ந்து கெட்டியாகும் என்பதற்காகத்தான். டிரான்ஸ்பார்மருக்குள் நடக்கக் கூடாதது எது என்று கேட்டால், இதுதான்.

கடையில் வாங்கிய எண்ணெயை அப்படியே டிரான்ஸ்பார்மரில் ஊற்ற முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சாப்பாட்டுக்குப் போதுமான சுத்தம் மின்காப்புக்குப் போதாது. பசை, நிறமி, தனிக் கொழுப்பமிலம், உலோகத் துளி எல்லாம் மின்சாரம் நுழைய வழிவிடும். களிமண் வடிகட்டல், வெற்றிடத்தில் ஈரமும் காற்றும் நீக்குதல் என்று இன்னும் பல படிகள் உண்டு. பிறகு ஆக்சிஜனைத் தடுக்கும் சேர்மானம், உறைநிலையைக் கீழே இறக்கும் சேர்மானம். எஃப்ஆர்3க்குப் பச்சைச் சாயமும் சேர்க்கிறார்கள்.

சரி, தீ விஷயத்துக்கு வருவோம். கனிம எண்ணெய் ஏறக்குறைய 160-170 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து எரியத் தொடங்கும். இயற்கை எஸ்டருக்கு 350 டிகிரி தேவை. 300 டிகிரிக்கு மேல் தீப்பற்றும் திரவங்களை கே வகை என்று தனியாகப் பிரித்து, அவற்றுக்குத் தரநிலைகள் சலுகையும் தருகின்றன. இது எரியவே எரியாது என்று அர்த்தமல்ல. தீயை மூட்டவும் அணையாமல் வைத்திருக்கவும் ரொம்பக் கஷ்டம், அவ்வளவுதான்.

1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தரைத்தள வாகன நிறுத்தத்தை ஒட்டி இருந்த டிரான்ஸ்பார்மரில் கேபிள் இணைப்பு தளர்ந்து தீப்பொறி பறந்தது. ரேடியேட்டர் ஓட்டையாகி எண்ணெய் வெளியே ஓடி, எரிந்தபடியே கார்களை நோக்கிப் போனது. புகை மாடிப்படி வழியே பால்கனிக்கு ஏறியது, அங்கிருந்து வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. அவ்வளவு பேர் சாவதற்கு எண்ணெய் மட்டும் காரணமல்ல, பராமரிப்பும் பூட்டிய கதவுகளும்தான் பெரிய காரணம். ஆனாலும் எரிந்துகொண்டே ஓடும் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் இல்லாமல் அந்தத் தீ கார்கள் வரை போயிருக்குமா என்பது நியாயமான கேள்வி.

இன்னொன்று சமீபத்தியது. 2025 மார்ச் 20 இரவு லண்டனின் நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்பார்மர் தீப்பிடித்தது. 25,000 லிட்டர் எண்ணெய் எரிந்தது என்று தீயணைப்புத் துறை சொன்னது. மறுநாள் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டது. விசாரணை அறிக்கை கைகாட்டியது எண்ணெயை அல்ல, ஈரத்தை. உயர் அழுத்தக் கம்பி டேங்கிற்குள் நுழையும் புஷ்ஷிங்கில் ஈரம் புகுந்திருந்தது. அதற்கான அறிகுறி 2018லேயே எடுத்த மாதிரியில் தெரிந்திருந்தது, யாரும் மேற்கொண்டு கவனிக்கவில்லை. டேங்கில் தாவர எண்ணெய் இருந்திருந்தாலும் அந்த புஷ்ஷிங் வெடித்திருக்கும். பிறகு என்ன எரிந்திருக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

ஈரம் என்ற சொல் வந்துவிட்டது. இனி காகிதம்.

டிரான்ஸ்பார்மருக்கு ஆயுள் எவ்வளவு என்று ஒரு பொறியாளரிடம் கேட்டால், காகிதத்துக்கு எவ்வளவோ அவ்வளவு என்பார். எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். புஷ்ஷிங்கை மாற்றலாம். காயிலின் ஆழத்தில் சுற்றிக் கிடக்கும் காகிதத்தை, மொத்தக் காயிலையும் பிரித்துப் போடாமல் மாற்ற முடியாது. அந்தக் காகிதம் மரக்கூழிலிருந்து வந்த செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. புதுக் காகிதத்தில் ஒரு மாலைக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு மணிகள் இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்து மாலையை நடுநடுவே அறுத்துக்கொண்டே வரும். சராசரி 200க்கு இறங்கிவிட்டால் காகிதம் அப்பளம் போல நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று கணக்கு. அப்போதும் மின்காப்பு இருக்கும். ஆனால் வெளியே எங்கோ ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆகி, காயில் ஒரு உதறு உதறினால் காகிதம் உதிர்ந்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், காகிதம் சிதையும்போது அதுவே தண்ணீரையும் வெளியிடும். அந்தத் தண்ணீர் மறுபடி காகிதத்தையே அறுக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டு ஈரம் வராவிட்டாலும் இந்தச் சுழல் நிற்காது. ஈரம் இரண்டு மடங்கானால் சிதைவு வேகமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வெப்பநிலை 6 டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகும் என்ற கணக்கும் உண்டு.

கனிம எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது. அறை வெப்பநிலையில் பத்து லட்சம் பங்கு எண்ணெயில் 50, 60 பங்கு தண்ணீர்தான் கரையும். ஆகவே டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் ஈரத்தில் 99 சதவீதத்துக்கு மேல் காகிதத்திலேயே தங்கிவிடும். எண்ணெயை எத்தனை முறை வடிகட்டினாலும் காகிதம் உலராது. இயற்கை எஸ்டரின் கதை வேறு. அதே பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். எஸ்டர் முடிச்சில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் வரும் குணம் இது. எண்ணெய் ஈரத்தைத் தன்பக்கம் இழுக்க இழுக்கக் காகிதம் காயும்.

இழுப்பதோடு நிற்பதில்லை. சூடான எஸ்டர் தண்ணீரோடு வினைபுரிந்து அதைச் செலவழித்தும் விடுகிறது. முடிச்சு அவிழ்ந்து ஒரு கொழுப்பமிலம் தனியாகப் பிரியும், அந்த இடத்தில் தண்ணீர் தீரும். பிரிந்த கொழுப்பமிலத்தில் கொஞ்சம் செல்லுலோஸ் மாலையில் போய் ஒட்டிக்கொண்டு அதற்கு ஒரு மேற்போர்வை போல அமைகிறது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எல்லாம் சேர்ந்து, ஒரே சூட்டில் வைத்த காகிதம் கனிம எண்ணெயில் இருப்பதைவிட இயற்கை எஸ்டரில் பல மடங்கு நாள் தாங்குகிறது. வேறு விதமாகச் சொன்னால், அதே ஆயுளுக்கு இன்னும் 15, 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஓட்டலாம். கோடையில் ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி, டிரான்ஸ்பார்மர் சுமை தாங்காமல் திணறும் ஊர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மண்ணில் மக்கும் குணத்தை மூன்றாவதாகச் சொன்னது இதனால்தான். எண்ணெய் சிந்துவது எப்போதோ நடப்பது, காகிதம் ஒவ்வொரு நாளும் கிழடாகிக்கொண்டிருக்கிறது.

அதே முடிச்சுதான் மண்ணில் நுண்ணுயிருக்கும் வழிவிடுகிறது, தொட்டிக்குள் ஈரத்தையும் குடிக்கிறது. விலை கொடுக்க வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது: சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகள். மூச்சு விடும் டிரான்ஸ்பார்மரில் இயற்கை எஸ்டரை ஊற்றினால், ஒவ்வொரு மூச்சுக்கும் புது ஆக்சிஜன் வரும். வருடக்கணக்கில் எண்ணெய் தடித்துக்கொண்டே போகும். தடித்தால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் சூடு ஏறும். சிலிகா ஜெல் ஈரத்தைத்தான் பிடிக்கும், ஆக்சிஜனை அது தடுக்காது. எனவே டேங்கை முழுக்க மூடி, மேலே நைட்ரஜன் நிரப்பி வைக்கிறார்கள், அல்லது எண்ணெய் விரியும்போது தானும் விரியும் நெளிதகட்டுச் சுவர் வைக்கிறார்கள். பெரிய டிரான்ஸ்பார்மரில் மேல்தொட்டிக்குள் ஒரு ரப்பர் பை. பை விரியும், சுருங்கும். காற்று பைக்குள்ளேயே வந்துபோகும், எண்ணெயைத் தொடாது.

இன்னும் இரண்டு குறைகள். இயற்கை எஸ்டர் தடிமன் அதிகம், 40 டிகிரியில் கனிம எண்ணெயைப் போல மூன்று நான்கு மடங்கு. அதனால் குளிர்விக்கும் வழிகளைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும், இல்லாவிட்டால் காயில் சில டிகிரி கூடுதலாகவே சூடாக இருக்கும். அடுத்தது இடி மின்னல் போன்ற திடீர் அழுத்தம். 2.5 மி.மீ. இடைவெளியில் செய்யும் வழக்கமான பி.டி.வி. சோதனையில் (எண்ணெய் எவ்வளவு மின்னழுத்தம் வரை தாங்கும் என்று பார்ப்பது) இரண்டு எண்ணெயும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனால் மின்புலம் ஓரிடத்தில் குவியும் நீண்ட இடைவெளிகளில், எஸ்டருக்குள் பொறி பாய ஆரம்பித்தால் வேகமாகப் பாய்ந்துவிடுகிறது. எனவே மிக உயர்ந்த அழுத்தத்துக்கு, பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு எண்ணெயை மட்டும் மாற்றினால் சரிப்படாது. அட்டைகளின் இடம், இடைவெளி எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். கணக்கிட்டால் முடியும் என்பதற்கு ஜெர்மனியில் சாட்சி இருக்கிறது. கார்ல்ஸ்ரூவே அருகே புரூக்சால் துணைமின் நிலையத்துக்காக, டிரான்ஸ்நெட் பி.டபிள்யூ. நிறுவனத்துக்கு சீமென்ஸ் 380 கிலோவோல்ட் இணைப்புக்கான ரேப்சீட் (கடுகு இன விதை) எண்ணெய் டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. அதற்கு முன் தாவர எண்ணெய் பெரும்பாலும் தெருவோர விநியோக டிரான்ஸ்பார்மரோடு நின்றிருந்தது.

நம் பக்கத்து எண்ணெய்கள் என்ன ஆயின? முதலில் தேங்காய். 2001லேயே இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வரங்கில், டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்கு மாற்றாகத் தேங்காய் எண்ணெய் என்ற ஆய்வு முன்வைக்கப்பட்டது. யோசனையில் தர்க்கம் இருக்கிறது. இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு, ஆகவே சிக்குப் பிடிக்காது. வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டாம். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். கொழும்பிலும் நாகர்கோவிலிலும் சமாளித்துவிடலாம் என்று தோன்றும், ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மர் எப்படியும் சூடாகத்தானே இருக்கிறது. நுவரெலியாவிலோ ஊட்டியிலோ மின்வெட்டில் ஓர் இரவு முழுக்க நின்றுவிட்டு, காலையில் திரும்ப மின்சாரம் கொடுக்கும்போது உள்ளே கட்டியான எண்ணெய் எப்படி ஓடும், நடுவே விழுந்த வெற்றிடங்களில் என்ன நடக்கும் என்பதுதான் கவலை.

ஜப்பானியர்கள் பனை எண்ணெயில் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். பாமாயிலின் கொழுப்பமிலச் சங்கிலிகளைக் கிளிசராலிலிருந்து பிரித்து, வேறொரு ஆல்கஹாலோடு ஒற்றையாகக் கோத்தார்கள். மூன்று கால் மூலக்கூறு ஒற்றைக் கால் ஆனதும், உறைநிலையும் இறங்கியது, தடிமனும் கனிம எண்ணெயைவிடக் குறைந்தது. லயன் என்ற ஜப்பானிய நிறுவனத்துக்கு அந்த வேலையில் பங்கு உண்டு. ஆனால் தீப்பற்றும் வெப்பநிலையும் கூடவே இறங்கிவிட்டது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும் வேலைதான் இது எல்லாமே.

இந்தியாவில் புங்கம், இலுப்பை, வேம்பு, காட்டாமணக்கு என்று சாப்பாட்டுக்கு ஆகாத எண்ணெய்களை வைத்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் நிறைய வந்திருக்கின்றன. கட்டுரைகளைப் படித்தால் எல்லா எண்ணெயும் தேறிவிடும் போலத் தெரியும், ஏனென்றால் பெரும்பாலும் சோதிப்பது புது எண்ணெயின் பி.டி.வி.யை. அதில் தேறுவது பெரிய சாதனை இல்லை, நன்றாக உலர்த்தி வடிகட்டினால் எந்த எண்ணெயும் தேறும். பத்து வருடச் சூட்டில் காகிதத்தோடு சேர்ந்து என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அது போக, விதை எங்கிருந்து வரும்? 2000களில் பயோடீசலுக்காகக் காட்டாமணக்கை ஊரெங்கும் நட்டு, எதிர்பார்த்த விளைச்சல் வராமல் விட்ட கதை நமக்குத் தெரியும்.

சாப்பாட்டு எண்ணெயை டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி நம் நாட்டில் வராமல் இருக்காது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. ஆனால் அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் சாப்பிடுகிறார். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 80 கிலோ. ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு வேண்டிய 150 லிட்டர் என்பது ஒரு குடும்பத்தின் இரண்டு வருடச் செலவுகூட இல்லை. ஊற்றினால் இருபது, முப்பது வருடம் அங்கேயே இருக்கும், தினமும் எரித்துத் தீர்க்கிற பயோடீசல் போல அல்ல. எனக்கு இந்த ஆட்சேபம் பலமாகப் படவில்லை. விலைதான் உண்மையான தடை. லிட்டருக்கு லிட்டர் கனிம எண்ணெயைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகும். மின் வாரியங்கள் கொள்முதல் செய்வது குறைந்த விலைப்புள்ளியில். காகிதம் பதினைந்து வருடம் கழித்து நன்றாக இருக்கும் என்பதற்கு இன்றைய டெண்டரில் யாரும் மதிப்பெண் போடுவதில்லை. தரநிலைகள் மட்டும் தயார். இயற்கை எஸ்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். தனித் தரநிலை வெளியிட்டிருக்கிறது, விநியோக டிரான்ஸ்பார்மருக்கான ஐ.எஸ். 1180இலும் எஸ்டருக்கென்று தனிப் பகுதி இருக்கிறது.

ஏற்கெனவே ஓடும் டிரான்ஸ்பார்மரில் கனிம எண்ணெயை வடித்துவிட்டு எஸ்டரை நிரப்புவதும் நடக்கிறது. காகிதத்தில் ஊறியிருக்கும் பழைய எண்ணெய் மெதுவாகக் கசிந்து வந்து கலக்கும். கலப்பு 7 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றும் வெப்பநிலை 300க்குக் கீழே போய், கே வகை என்ற தகுதி போய்விடும். சோதனைச் சாலையிலும் பழக்கத்தை மாற்ற வேண்டும். கனிம எண்ணெயில் அமில அளவு ஏறினால் ஆபத்து மணி. எஸ்டர் தண்ணீரைச் செலவழித்துக் கொழுப்பமிலத்தைப் பிரிப்பதால் அதில் அமில அளவு இயல்பாகவே ஏறும். இவை நீண்ட சங்கிலி அமிலங்கள், காகிதத்தை அரிக்கும் சின்ன அமிலங்கள் அல்ல. பழைய அட்டவணையை வைத்துப் பார்ப்பவர் நல்ல எண்ணெயைக் கெட்டது என்று சொல்லி வடிகட்டச் சொல்லிவிடுவார். ஈரத்திலும் இதே குழப்பம் வரும். 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) ஈரம் என்றால் கனிம எண்ணெயில் தலை போகிற காரியம், எஸ்டரில் அது சாதாரணம்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம். எனக்குச் சந்தேகம் ரீவைண்டிங் பட்டறையில்தான். நம் ஊரில் எரிந்துபோன விநியோக டிரான்ஸ்பார்மர் பெரும்பாலும் குப்பைக்குப் போவதில்லை, லாரியில் ஏறிப் பட்டறைக்குப் போகிறது. அங்கே எண்ணெயை வடித்து, காயிலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, முறை வரும் வரை நாட்கணக்கில் கிடக்கும். எரிந்தது ஒரு ஃபேஸ் காயில் என்றால் மற்ற இரண்டை அப்படியே திரும்பப் பயன்படுத்துவதும் உண்டு. கனிம எண்ணெயில் ஊறிய காயில் அப்படிக் கிடந்தால் தூசியும் ஈரமும்தான் சேரும், அடுப்பறையில் வைத்து உலர்த்தினால் போய்விடும். எஸ்டரில் ஊறிய காயிலின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் நிற்கும். அந்தப் படலம் காற்றில் வாரக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுக்கும். அதை வழக்கம்போல சூடான காற்று அடுப்பில் வைத்தால், வடைச்சட்டி விளிம்பில் படிந்த அதே அரக்கு, இந்த முறை காகிதத்தின் மேல். எஸ்டர் காயிலை வெளியே எடுத்தால் உடனே புது எஸ்டரிலேயே முக்கி வைக்க வேண்டும், அல்லது காற்றில்லாத இடத்தில் மூடி வைக்க வேண்டும். அடுப்பில் ஏற்றக் கூடாது என்று பட்டறைக்காரரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும், டேங்கின் மேல் எந்த எண்ணெய் என்று அழியாத எழுத்தில் எழுதியும் இருக்க வேண்டும். பழுது பார்த்துத் திரும்பி வரும்போது, மூடியே இருக்க வேண்டிய டேங்கில் யாரோ பழைய வழக்கப்படி ஒரு சிலிகா ஜெல் குப்பியை மாட்டி அனுப்பாமலும் இருக்க வேண்டும்.